பனங்கருக்கு என்றொரு மீன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் திண்டிவனத்தில் மீன் என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். மரக்காணத்திலிருந்து சைக்கிளில் கூடை கட்டி வந்து விற்றேன். பிறகு மொபெட், பிறகு சொந்த வேன். விழுப்புரம் வரைக்கும் என் சரக்குதான் போனது. செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். ஐஸ் பெட்டியைத் திறந்த வாடையிலேயே நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லிவிடுவேன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

எனக்கு ஆகாத நாள் வெள்ளிக்கிழமை. அன்று பாதி ஊர் கவிச்சி தொடாது. கடையைச் சாத்தினால் வீடு. என் வீட்டுக்காரி தவறிப்போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மகன் சென்னையிலிருந்து போன் பண்ணி, “சாப்ட்டியாப்பா” என்பான். சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. வானொலியை வைத்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்காமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தமிழில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். கூட, கணக்கில் ஆராய்ச்சி செய்யும் ஒரு தம்பி. கடல் உயிரியல் ஆசிரியர் ஒருவர் மீன்களை மருந்துத் தண்ணீரில் போட்டு, பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தனுப்பியிருந்தார். கடற்கரையில் ஒரு பேர் உள்ள மீனுக்கு உள்ளூர்ச் சந்தையில் என்ன பேர் என்று அவள் எழுதிக்கொள்வாள். சொன்னவர்களின் பேச்சு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று அவன் கணக்குப் போடுவான்.

“மீனுக்கும் தமிழுக்கும் நடுவுல கணக்குக்கு இன்னா தம்பி வேலை?” என்றேன்.

“நீங்க பொய் சொல்றீங்களான்னு பாக்கறதுதாங்க.”

“தராசு புடிச்ச கை தம்பி இது. நீ பாத்துக்கினே இரு!”

வாராவாரம் வந்தார்கள். அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண். தவசு கால வெள்ளியிலும் அவர்களுக்கு மீன் ஆகும். அவளுக்காக நவரை மீன் குழம்பு வைத்தேன். தம்பிக்கு வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது, மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டு, “வாசனைக்கு விரதம் கெடாதுல்ல?” என்பான். பழைய பாட்டிலையே லேபிள் மாற்றி மறுபடியும் காட்டி என்னைச் சோதிப்பான். நான் தடுமாறவே மாட்டேன்.

மூன்றே மாதத்தில் எனக்குத் தெரிந்த பேர்கள் தீர்ந்துவிட்டன. கடைசிப் பாட்டிலில் வெளிறிய ஒரு பொடி மீன். வாலோரம் சொரசொரவென்றிருந்தது. கோழித் தீவனத்துக்கு அள்ளிக் கொட்டுகிற கழிசல் அது. அதற்குப் போய் யார் பேர் வைப்பார்கள்?

“தெரியலன்னா பரவால்லைங்கய்யா. அவ்ளோதான், இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்” என்று அவள் நோட்டை மூடினாள்.

“இரும்மா. பனங்கருக்கு” என்றேன். பனைமட்டை ஓரம் போலிருந்ததால் வாயில் வந்தது. “எங்கப்பா காலத்துலேர்ந்து அப்பிடித்தான் சொல்லிக்கினு வர்றோம்.”

நோட்டு மறுபடி திறந்தது. “கரையில இதுக்கு யாருக்குமே பேர் தெரியலைங்கய்யா! இந்த மாதிரி இன்னும் இருக்குமா?”

“இல்லாம? அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டில எட்த்துக்கினு வா.”

அப்படி இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு மீன்களுக்குப் பேர் வைத்தேன். தம்பி மறுபடி கேட்டபோதும் ஒன்றும் மாறாமல் சொன்னேன். ஒரு வருஷத்து வெள்ளிக்கிழமைகள் எனக்குக் கிடைத்தன.

எழுதி முடிக்கும் தறுவாயில் அவள் மட்டும் வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே ஒரு இயலைப் படித்துக் காட்டினாள். கரை மறந்துவிட்ட பேர்களைத் திண்டிவனம் சந்தை காப்பாற்றி வைத்திருக்கிறது என்று இருந்தது.

“இதுதாங்கய்யா என் ஆராய்ச்சியிலயே புதுசு. கணக்குலயும் நீங்கதான் ஃபர்ஸ்ட்டு.”

கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டேன். இதை அவள் நாலு பெரியவர்கள் முன்னால் நின்று படிக்கப் போகிறாள்.

“அதெல்லாம் நானா வச்ச பேரும்மா.”

“சும்மா இருங்கய்யா, எப்பப் பாரு வெளையாட்டு.”

ஆறையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “ஏங்கய்யா?”

“தெரியாதுன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல.”

அது பாதி உண்மைதான். அவள் கை கழுவிவிட்டு, பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் தம்பி போன் செய்தான். குரலில் கேலி இல்லை. “ஆறை மட்டும் எடுக்க முடியாதுங்க. ஒருத்தர் சொன்னதுல ஆறு பொய்னா, மத்ததையும் வச்சுக்க முடியாது. உங்க பதில் மொத்தத்தையும் எடுத்துட்டோம்.” நாற்பது வருஷமாக நான் கூவி விற்ற மீன்களும் அதோடு போயின. வெள்ளிக்கிழமைகளில் யாரும் வரவில்லை. குழம்பு வைத்தால் இரண்டு நாளைக்குக் கிடந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு அழைப்பு மட்டும் தபாலில் வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் திரையில் ஒரு மீனைக் காட்டி, இதற்கு உள்ளூர் வியாபாரிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அவள் கொஞ்சம் தயங்கி, “நம்பத்தக்க பதிவு கிடைக்கலைங்க சார்” என்றாள். அது ஆறில் ஒன்றல்ல. அந்தப் பேரைக் கூவித் தெருத்தெருவாக விற்றவன் நான்.

“பொதுமக்கள் யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்கள். யாரும் கேட்கலாம், சொல்லலாம் என்பது அங்கே முறை. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

பட்டம் என்று அறிவித்துக் கைதட்டி முடிந்ததும், சமோசாத் தட்டோடு என்னிடம் வந்தாள்.

“அந்த மீன் பேரு உங்களுக்குத் தெரியுமேங்கய்யா. ஏன் எழுந்து சொல்லல?”

“சொன்னா நம்புவியாம்மா?”

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் போட்டோவுக்கு நிற்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.