தங்கசாமி மேல் ஒரு கேஸும் இல்லை

செருப்பைக் கழற்றும்போதே தங்கசாமி கேட்டுவிடுவார்: "வீட்டுல யாரு மேலயாவது கேஸ் உண்டுமா?"

பக்கத்து வீட்டில் கொஞ்சம் சர்க்கரை உண்டா என்று கேட்கிற அதே குரல். மூன்று வருடத்துக்கு முன்னால் தாராவியில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால், கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ள நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள். இப்போது மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். வீட்டுக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசிக்கிறார்.

"எங்கப்பா சீட்டாட்டத்துல ஒருதடவை மாட்டுனதாச் சொல்லுவாவ அண்ணாச்சி," என்று நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறார்.

"நல்ல விசயம். எந்த வருசம்?"

காரணம் இருக்கிறது. குடிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். இரண்டாயிரமாவது வருடம் பிறப்பதற்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காட்டினால் இங்கேயே வீடு. காட்டாவிட்டால் எங்கே என்று யாருக்கும் தெரியாது, அதை விளக்க வருகிற அதிகாரிக்கும் தெரியாது. காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர். மீதிப் பேரின் காகிதத்தை இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத்து மழை கொண்டுபோய்விட்டது. அந்த மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆனால் கோர்ட்டின் பழைய ரிஜிஸ்டர்கள் மாடியில் இருக்கின்றன. தண்ணீர் ஏறவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவர் தங்கசாமி. பக்கத்துச் சந்துக்காரர் ஒருவர் மேல் இருந்த சாராய கேஸின் நகலை எடுத்துக்கொடுத்தார். தொண்ணூற்று மூன்றாம் வருடத் தேதி, குடிசை எண்ணோடு விலாசம், அடியில் அரசாங்க முத்திரை. கணக்கெடுப்பு அலுவலகத்தில் அதை ஏற்றுக்கொண்டார்களா என்பது வேறு விஷயம். வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். தாராவியில் அரசாங்கம் ஒரு காகிதத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாலே பாதி வீடு வந்த மாதிரி. அன்றிலிருந்து ஒழுங்காக வாழ்ந்த குடும்பங்கள் முகம் வாடித் திரிகின்றன. "யோக்கியனா இருந்ததுக்கு எவன் வே தேதி போட்டு முத்திரை குத்திக் குடுத்தான்?" என்பது தங்கசாமியின் கேள்வி.

தங்கசாமிக்கு அறுபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். விடிந்ததும் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில்லில் ஆரம்பித்து கிங்ஸ் சர்க்கிளில் முடிப்பார். ஒன்பது மணிக்குப் பாத்திரம் காலி. குளித்து, வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டு, பையில் இரண்டு பேனாவும் பிளாஸ்டிக் உறையில் கோர்ட்டு ஸ்டாம்புமாகப் பதினோரு மணிக்குக் கோர்ட்டு வாசலில் நிற்பார். காகிதத்தைத் தொடுமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். கறுப்புக் கோட்டு போட்ட யாரைப் பார்த்தாலும் கைகட்டிவிடுவார். ஒரு கல்யாண வீட்டில் பாண்டு வாத்தியக்காரர் முன்னாலும் கைகட்டி நின்றார்.

அவருடைய வித்தையின் முதல் பாடம், பெயரைக் கேட்கக் கூடாது என்பது. "பேரு கடைசி. எந்த டேசன், எந்த வருசம், எந்த மாசம்? அது தெரிஞ்சா ரிஜிஸ்டர்ல பிடிச்சிரலாம். பேரை மட்டும் வச்சுத் தேடுனா சாவுற வரைக்கும் தேடணும்." வீட்டுப் பிள்ளைகள் உடனே போனை நீட்டுவார்கள், கோர்ட்டு விவரமெல்லாம் இதில் வரும் தாத்தா என்று. தங்கசாமி அந்தப் போனை மரியாதையாகப் பார்ப்பார். "அதுல புதுக் குத்தந்தான் வரும் மக்கா. பழைய குத்தத்துக்குப் படி ஏறணும்."

வருடம் யாருக்கும் நினைவிருக்காது. அதற்கும் வழி வைத்திருக்கிறார். அப்போது மழையா வெயிலா? வீட்டில் யார் கைக்குழந்தை? டிவி கறுப்பு வெள்ளையா, கலரா? இந்த மூன்றிலேயே பெரும்பாலான குற்றங்கள் அகப்பட்டுவிடும். பிறகு மனு. மனுவில் நீ யார், வழக்கில் உனக்கு என்ன சம்பந்தம், நகல் எதற்கு என்று மூன்றும் எழுத வேண்டும். குற்றவாளியே கேட்டால் சுலபம். செத்துப்போயிருந்தால் வாரிசு கேட்கலாம், இறப்புச் சான்றிதழோடு. வேற்றாள் கேட்டால் ஆயிரம் கேள்வி. ஸ்டாம்பு ஒட்டி நகல் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தால், பத்து நாளில் 'கட்டு அழிக்கப்பட்டது' என்று பதில் வரும். அந்த இடத்தில்தான் எல்லாரும் அழுதுகொண்டு திரும்பிவிடுவார்கள். தங்கசாமி திரும்ப மாட்டார். சில்லறைக் கேஸ்களின் கட்டைச் சில வருடத்தில் அழித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். "கட்டு போனாப் போவுது. ரிஜிஸ்டர்ல ஒரு வரி கெடக்கும். அந்த ஒரு வரிக்கு நகல் கேளு."

இப்படித்தான் செம்பூரில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கும் உமாமகேஸ்வரிக்கு அவள் அப்பாவின் வரியை எடுத்துக் கொடுத்தார். அப்பா முத்துசெல்வமும் இட்லி வியாபாரிதான். போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. 'முத்துசெல்வம், வயது ஐம்பத்திரண்டு, நடைபாதையை மறித்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம்.' கீழே குடிசை விலாசம். படித்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா கோர்ட்டுல போய் நின்னாவளா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நல்லபடியாத்தான் நின்னாரும்மா. கையைக் கட்டிக்கிட்டு, மரியாதையா. என்ன, அன்னைக்குப் பல்வலி உயிர் போச்சு."

"எங்கப்பாவுக்குப் பல்லே கெடையாதே அண்ணாச்சி?"

"அதான்," என்றார் தங்கசாமி.

பல் தங்கசாமியுடையது. அந்த நாளில் மாதத்துக்கு இத்தனை நடைபாதைக் கேஸ் என்று போலீஸ் டேசனில் ஒரு கணக்கு இருந்தது. வியாபாரிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஹவல்தாரிடம் முறைவைத்து ஒரு பெயரைக் கொடுப்பார்கள். பெயருக்கு உரியவர் நிம்மதியாக வியாபாரம் பார்ப்பார். கோர்ட்டுக்குத் தங்கசாமி போவார். அவருக்குத்தான் ஒன்பது மணிக்கே பாத்திரம் காலி. இந்தியும் அவருக்குத்தான் வரும், அதாவது மூன்று வாக்கியம் வரும். கோர்ட்டுக்கு இரண்டு போதும். வந்திருக்கிறேன் என்பதற்கு 'ஹாஜிர், சாப்' ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கு 'குனா கபூல், சாப்' இன்னொன்று. போய் வந்த வாரம் முழுக்க அவருக்கு மாவாட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

முப்பத்து நான்கு தடவை அப்படி நின்றிருக்கிறார். முப்பத்தொரு வயதில் ஐம்பத்திரண்டு வயது முத்துசெல்வமாக நின்றபோது மாஜிஸ்ட்ரேட் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, அவ்வளவு வயது தெரியவில்லையே என்றார். தங்கசாமிக்குத் தெரிந்த மூன்றாவது வாக்கியம் அன்றுதான் பயன்பட்டது. "ரோஜ் இட்லி காத்தா ஹூம், சாப்." தினமும் இட்லி சாப்பிடுகிறேன் என்று. கோர்ட்டே சிரித்தது. அபராதம் குறைந்தது. தங்கசாமி இட்லி சாப்பிடுவதில்லை. கோர்ட்டில் சொன்ன பொய்களில் இன்றைக்கும் அவரை உறுத்துவது அது ஒன்றுதான்.

அவ்வளவு தடவை குற்றவாளியாக நின்றவருக்குத் தன் பெயரில் ஒரு குற்றமும் இல்லை. எல்லாரும் சேர்ந்து அவருக்குச் செய்த மரியாதை அது. "நமக்காகக் கோர்ட்டுக்குப் போற மனுசன் பேரை எழுதிக் குடுக்கலாமா வே?" என்று பட்டியலிலிருந்து அவர் பெயரை மட்டும் விலக்கி வைத்தார்கள். முப்பது வருடமாக அதில் தங்கசாமிக்கு ஒரு பெருமை. இப்போது சந்தில் பதினேழு வீட்டுக்கு அவருடைய குற்றங்கள் அத்தாட்சியாகப் போய்விட்டன. பதினெட்டாவது வீடு அவருடையது. தொண்ணூற்று ஆறில் வாங்கியதற்கு இருந்த ஒரே காகிதம் அந்த மழையோடு போனது. மாதக் கடைசி வரைதான் ஆதாரம் வாங்குவார்கள். கணக்கெடுப்புக்காரர்கள் அவர் வீட்டுக் கதவில் எண்ணை எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். சந்தில் அந்த ஒரு கதவில்தான் கேள்விக்குறி. அவர் மனைவி பேராச்சி அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறாள்.

மாதம் முடியப் பத்தொன்பது நாள் இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு குத்தமாவது செஞ்சிருக்கலாம் பேராச்சி," என்றார் தங்கசாமி.

பேராச்சி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "உங்க பேருல ஒண்ணு கெடக்கு."

"என்னது?"

"கேசு. உங்களுக்குக் காமாலை கண்டு படுத்துக் கெடந்தியள்லா, அப்பம் நாந்தான யாவாரத்துக்குப் போனேன். புது ஹவல்தாரு வந்து யாரு பாத்திரம், பேரச் சொல்லுன்னான். உங்க பேரை நான் எப்பிடிச் சொல்லுவேன்? பக்கத்துல சுக்குக் காப்பி வித்த காசிம் அண்ணந்தான் சொன்னாவ. பொம்பளையக் கோர்ட்டுக்கு இழுக்காண்டாம்னு அவாளே போயி நின்னாவ."

"என் பேருலயா?"

"பின்ன யாரு பேருல?"

தங்கசாமி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "இருபத்தேழு வருசமா எனக்குத் தெரியாம என் பேருல கேஸா? ஒரு கறை இல்லாதவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்."

"சொன்னா மனசு கஷ்டப்படுவியன்னு காசிம் அண்ணந்தான் சொல்லாண்டாம்னாவ."

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "அப்போ மழையா, வெயிலா?"

"மழை ஆரம்பிச்சிட்டு. சின்னவ கைக்குழந்தை. டிவி நமக்கு அப்பம் கெடையாது."

தொண்ணூற்று ஏழு ஜூன். மறுநாள் காசிமைப் போய்ப் பார்த்தார். காசிம் இப்போது வியாபாரத்தை விட்டுவிட்டு மருமகன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தேதி நினைவில்லை, கிழமை நன்றாக நினைவிருந்தது. "வெள்ளிக்கிழமை. உம்மால எனக்கு ஜும்மா போச்சு வே."

"விலாசம் எதைச் சொன்னீரு?"

"உம்ம வீட்டு நம்பரத்தான் சொன்னேன். எங்க வீட்டுக்குச் சம்மன் வந்தா எவ பதில் சொல்லுவா? பீவி என்னைய உரிச்சிருப்பா."

"நெசமாவா?"

"சொன்னதாத்தான் ஞாபகம்."

ஜூனில் நான்கு வெள்ளிக்கிழமை. மனுவில் மூன்று கேள்விக்கும் தங்கசாமி உண்மையே எழுத வேண்டியிருந்தது. அதுவே அவருக்குப் புதிதாக இருந்தது. நீ யார் என்ற இடத்தில் 'குற்றவாளி' என்று எழுதினார். கையெழுத்துப் போடும்போதுதான் கை நின்று நின்று போனது. முத்துசெல்வம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார். குமாஸ்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். பல வருடமாகப் பார்க்கிற முகம். "இந்தத் தடவை யாருக்கு?" என்று இந்தியில் கேட்டார். தங்கசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு," என்றார். குமாஸ்தா நம்பவில்லை.

பத்தாம் நாள் பதில் வந்தது. கட்டு அழிக்கப்பட்டது. தங்கசாமி ரிஜிஸ்டரின் வரிக்கு மனுப் போட்டார். மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் வரச் சொன்னார்கள். காசிமும் கூட வந்தார். "ரிஜிஸ்டர்ல இருக்கது உம்ம பேருன்னாலும் என் கையெழுத்துலா. எதுவும் கேட்டா ஆளு வேணும்." இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கசாமி வீட்டு எண்ணை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி. காசிம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

முதலில் குமாஸ்தா தலையை நீட்டினார். தங்கசாமியைப் பார்த்து, ரிஜிஸ்டரிலிருந்து பெயர்த்தெழுதிய தாளை ஒருமுறை படித்துக் காட்டினார்: மூன்றாவது வெள்ளிக்கிழமை, நடைபாதையை மறித்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு குடிசை எண். தங்கசாமி உதட்டுக்குள் வைத்திருந்த அதே எண். முத்திரை குத்திவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று உள்ளே போய்விட்டார். தங்கசாமி காசிமின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

அரை மணி கழித்துப் பட்டை கட்டிய பியூன் வெளியே வந்து, நகலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நீதிமன்றக் குரலில் கூப்பிட்டார்.

"தங்கசாமி... ஹாஜிர் ஹை?"

யார் எழுந்திருக்கிறார்கள் என்று தங்கசாமி திரும்பிப் பார்த்தார். காசிம் எழுந்து கையைத் தூக்கினார்.

"ஹாஜிர், சாப்."

தங்கசாமி காலை மடக்கிக்கொண்டு, அவர் போக வழிவிட்டார்.