சாமி வராமலிருக்க நான் பட்ட பாடு

எந்தச் செய்யுளையும் ஒருமுறை படித்தால் ஒப்பித்துவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். களியக்காவிளை டீக்கடைப் பெஞ்சில் ஒருவர், "உம்ம பேரு என்னவே?" என்று கேட்டபோது பதில் தெரியாமல் விழித்தேன். தக்கலையில் இறங்க வேண்டிய பஸ்ஸில் ஏறியதோடு நினைவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பகலைக் காணோம். உடம்பில் கீறல் இல்லை. ஆளை மட்டும் காணோம்.

தேடிவந்த மைத்துனனைப் பார்த்ததும் பெயர் திரும்பியது. கூடவே பயமும் வந்தது: மறுபடி எப்போது கழன்றுபோவேன்?

திருவனந்தபுரத்து டாக்டர் நோய்க்கு ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார் (தாங்கமுடியாத ஒன்றிலிருந்து தப்ப, நினைவு ஆளைவிட்டு விலகி நிற்பது).

"சமீபத்தில் யாராவது இறந்தார்களா?"

"அக்கா. பிறந்த வீட்டுச் செய்முறையெல்லாம் நானே பார்த்தேன்."

"அழுதீர்களா?"

"வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டியிருந்தது."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பைத்தியம் இல்லை. நன்றாகத் தூங்குங்கள். அக்காவைப் பற்றிப் பேசுங்கள். கொட்டும் கூட்டமும் கொஞ்ச நாள் வேண்டாம்."

மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணின் அப்பனுக்கு மனநோய் என்றால் சம்பந்தம் முறிந்துவிடும். சாமி இறங்கி ஆள் கிளம்பிப் போனான் என்றால் மரியாதை கூடும். என் மேல் மாடன் இறங்கியதாக மைத்துனன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

"மாடன் கோயில் கொடைக்கு நீங்க ஆடணும் அத்தான். சம்பந்தக்காரரு வாராரு."

"ஆடப்போயி, திரும்பி வராம ஆயிட்டேன்னா?"

"ஆடாட்டா பிள்ளைக்க கல்யாணம் போவும்லா?"

நீறு பூசி மேளத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். மற்ற சாமியாடிகள் தங்களை மறக்கக் காத்திருந்தார்கள். நானோ மறந்துவிடாமலிருக்கத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் என்று முணுமுணுத்தேன். அடுத்து அக்கா பெயர் வந்தது. முழங்கால் ஆடியது, பிறகு உடம்பு முழுவதும். ஏங்கி ஏங்கி அழுதேன். சாமி வந்துவிட்டதென்று பெண்கள் குரவையிட்டார்கள். போய்விடுவேன் என்று நடுங்கிய அவ்வளவு நேரமும் நான் அங்கேயேதான் இருந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிக் கழன்றுபோய்த் திரும்பியிருந்தால், பயம் சட்டென்று விட்டுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பஸ்ஸில் இப்போதும் கால்விரல்களைத் தரைப்பலகையில் அழுத்திக்கொண்டுதான் உட்காருகிறேன். உடம்பு இரவல் வாங்கியதைப்போல இருக்கிறது. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. தொலைந்த பகல்களை யாரோ ஒருவன் வாழ்ந்துவிட்டுப் போனான். அவனிடம் எனக்குக் கோபமில்லை.

கொடை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது சம்பந்தக்காரர் பக்கத்து இலைக்கு வந்தார்.

"முகூர்த்தத்துல மாத்தம் ஒண்ணும் இல்லவே," என்றார். பிறகு என் காதருகே குனிந்து, "எத்தனையோ கொடை பாத்தாச்சு. மாடனுக்கு மூக்கு ஒழுகி இப்பத்தான் பாக்கேன். கல்யாணத்தன்னைக்கு ஒரு துண்டு கூடுதலா கொண்டுவாரும்."