வெயிலுக்கும் மூடாத தலை

மத்தியான வெயிலில் வெளியே இறங்கும்போது சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வேன். இந்த வயதில் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனாலும் துணி உச்சந்தலையில் படுகிற நேரத்தில் என் பெரியம்மாவின் வகிடு கண் முன்னால் வந்துவிடும். வெயிலில் வெந்து, செம்மண் நிறத்துக்கு மாறி, தோல் உரிந்துகொண்டிருந்த வகிடு. எருமப்பட்டிப் பக்கத்துக் கடலைக் காடுகளில் அவர் களை எடுத்த காலமெல்லாம் அந்தத் தலையில் ஒரு துணி ஏறி நான் பார்த்ததில்லை.

மற்றப் பெண்கள் எல்லோரும் தலையில் துண்டு போட்டிருப்பார்கள். கொல்லிமலை கூடத் தெரியாத அளவுக்குக் கானல் ஆடும். பெரியம்மா மட்டும் வெறுந்தலையோடு குனிந்திருப்பார். "ஏனுங்கக்கா, மண்டைக்குள்ள மூளை இருக்குதா, உருகி ஊத்திருச்சா? ஒரு துண்டெடுத்துப் போட்டுக்கறதுதானே?" என்று பக்கத்து உழவுச்சாலில் இருப்பவள் சீண்டுவாள். "உருகுனா உன்ற மேல ஊத்தமாட்டேன் அம்மிணி, நீ களையப் பாரு" என்பார் பெரியம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தத் தலை வெறுந்தலையான கதை எனக்குத் தெரியும்.

பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபை இருந்தது. பெரியப்பா குடும்பம் அதில் சேர்ந்திருந்தது. பூ இல்லை, பொட்டு இல்லை, காதிலும் மூக்கிலும் ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டில் கை நனைக்கக்கூடாது. உடம்புக்கு வந்தால் மருந்து கூடாது. மூப்பர் வந்து நெற்றியில் எண்ணெய் தடவுவார், எல்லோரும் சுற்றி முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள், அவ்வளவுதான். பெண்கள் ஜெபத்துக்குத் தலையை மூடவேண்டும். சேலைத் தலைப்பு தலைமேல் ஏறினால் ஆண்டவரோடு பேசுகிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சபையைக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் மூணாம் வகுப்பு வரை படித்தது அவர்கள் பள்ளியில்தான். வேறெங்கும் எட்டி நிற்கச் சொல்லப்பட்ட எங்களை அவர்கள் ஒரே பாயில் உட்காரவைத்தார்கள்.

பெரியம்மாவின் ஒரே பையனுக்குக் காய்ச்சல் கண்டது. எண்ணெய் தடவி ஜெபித்தும் இறங்கவில்லை. வந்தவர்கள் எழுந்துபோன பிறகு பெரியம்மா நிலவேம்பைக் கொதிக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பையன் வாயில் ஊற்றினார். பையன் பிழைக்கவில்லை. கஷாயம் கொடுத்தது ஒருவருக்கும் தெரியாது. அவராகச் சொல்லாவிட்டால் தெரிந்திருக்கவும் போவதில்லை. ஆனால் அவரவர் தப்பை எழுந்து நின்று சொல்வது அந்தச் சபையின் வழக்கம். சொன்னால் மன்னிப்பு உண்டு. பெரியம்மா அதை நம்பினார். தலையை மூடிக்கொண்டு எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். மூப்பர் கோபப்படவில்லையாம். அழுதுகொண்டே சொன்னாராம்: "ரெண்டு பக்கமும் கை நீட்டிட்டியே மகளே. அதனாலதான் ஆண்டவரு கைய எடுத்துக்கிட்டாரு."

பெரியம்மா நின்ற இடத்திலேயே முக்காட்டை இறக்கினார். நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பெரியப்பா சபையிலேயே இருந்துகொண்டார்.

என் அம்மா அவரை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பெரியம்மா வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றார், கொடுத்த திருநீற்றை வாங்கவில்லை. அந்தக் காலத்தில் சாமியே கிடையாது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களும் எங்கள் பக்கம் வந்தார்கள். அதையும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "அதாச்சும் உனக்கு ஆறுதலா இருந்துச்சாக்கா?" என்று அம்மா கேட்டாள். பெரியம்மா காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சாமி இல்லைன்னா என்ற பையனைக் காச்சல் கொண்டுபோச்சு. இருந்தா நாந்தான் கொண்டுபோனேன். எதுன்னு நீ சொல்லு, அதயே நம்பிக்கறேன்." அம்மா எழுந்து அடுப்புக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கல்யாணமாகிப் புதுச்சத்திரம் வந்த பிறகுதான் அந்த வெறுந்தலையின் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது. நம்பாதவளுக்கு முக்காடு வெறும் துணி. வெயிலுக்குப் போட்டுக்கொள்வாள். பெரியம்மாவுக்கு அது அப்படி ஆகவே இல்லை. தலையை மூடினால் ஆண்டவரோடு பேசியதாகிவிடும் என்றுதான் அத்தனை வெயிலையும் தாங்கினார். இல்லாத ஒருவரோடு இப்படி யாராவது பேசாமல் இருப்பார்களா?

என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கும் அதே மாதிரிக் காய்ச்சல் அடித்தது. சொல்லி அனுப்பியதும் பெரியம்மா வந்தார், மடியில் நிலவேம்போடு. குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் அடுப்பு மூட்டினார். தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பிய நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். கஷாயம் கொதிக்கிறது. அதன் முன்னால் பெரியம்மா முழங்காலில் இருக்கிறார். சேலைத் தலைப்பு தலைமேல் இருக்கிறது. பார்க்கக்கூடாததைப் பார்த்தவள் போலக் குடத்தோடு பின்வாங்கிவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் குழந்தைக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதாள். நான் பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. யாரோ அடித்துவிட்ட மாதிரி இருந்தது. "கஷாயத்தோடயே கேட்டாலும் சாமி குடுக்குது, பாத்தியா கண்ணு," என்றார். "அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் குடுக்கல?"

அவர் முக்காட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "இருங்க, கஞ்சி குடிச்சிட்டுப் போலாமுங்க" என்று கெஞ்சினேன். "வாரேன் கண்ணு" என்று இறங்கிப் போய்விட்டார். மறுபடி காட்டில் பார்த்தபோது அதே வெறுந்தலைதான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். சபையிலிருந்து ஒரு வயதான அம்மா வந்திருந்தார். நல்லவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியிலயாச்சும் உங்க பெரியம்மா ஜெபம் பண்ணுச்சா அம்மிணி? ஒரு வார்த்தை சொல்லு, நாங்க சந்தோசமாப் போறோம்" என்றார். பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆமாம் என்றால் மூப்பர் சொன்னதைப் பெரியம்மாவே ஒத்துக்கொண்டதாகிவிடும். இல்லை என்றால் அந்த அடுப்படியில் நான் பார்த்தது பொய்யாகிவிடும். நாலு பேர் முன்னால் பேசாத நான் அன்றும் தலை குனிந்துகொண்டேன். குளிப்பாட்டியவர்கள் புதுச்சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுக்கப் போனபோது மட்டும், எங்கிருந்து வந்ததோ, "வேண்டாமுங்க" என்ற குரல் என்னிடமிருந்து வந்தது. "தோளோட இருக்கட்டும்."

இப்போதும் வெயிலில் இறங்கும்போது தலைப்பை இழுக்கிற என் கை, வகிட்டுக்கு மேலே ஒரு நொடி நின்றுவிடுகிறது. வெயிலுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டுதான் போட்டுக்கொள்கிறேன். யாரிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை.