அரையாண்டுக் கணக்கில் ஒரு மொய் விருந்து

நான் கோபக்காரி. கீரமங்கலம் பக்கத்து வங்கிக் கிளைக்கு மேலாளராகப் போட்டபோது என் கணவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சொந்த ஊர்ப் பக்கம். வாயைக் கொஞ்சம் அடக்கி வையி." அடக்கித்தான் வைத்திருந்தேன், அந்த அக்டோபர் வரைக்கும்.

எங்கள் கிளை சின்னது. பூ வியாபாரிகள், தென்னந்தோப்புக்காரர்கள், சிங்கப்பூரிலிருந்து பணம் வரும் வீடுகள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். கிளை தொடர்ந்து நட்டம் காட்டியதால் மேலிடம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. இந்த அரையாண்டும் நட்டம் என்றால் அறந்தாங்கிக் கிளையோடு சேர்த்துவிடுவார்கள். எங்கள் வாசலில் முதியோர் பென்ஷனுக்கு வந்து உட்காரும் பெண்கள் அப்புறம் பஸ் மாறிப் போய்த்தான் காசு எடுக்க வேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வங்கிக் கணக்கில் எது வருமானம் என்பதற்கு ஒரு வேடிக்கையான விதி உண்டு. ஒழுங்காகத் தவணை கட்டுகிறவருடைய வட்டியை, அவர் கட்டும் முன்பே நாள் கணக்குப் போட்டு வருமானமாக எழுதிக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி விழுந்துவிட்டால் அது வாராக்கடன். அதன் பிறகு வட்டி கைக்கு வந்தால் மட்டுமே வருமானம்; வராததில் ஒரு பைசா காட்டக்கூடாது. அரையாண்டு நிதிநிலை அறிக்கையின் கடைசிப் பக்கங்களில், 'முக்கியக் கணக்கியல் கொள்கைகள்' என்ற தலைப்பில் இது பொடி எழுத்தில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன், எனக்கு அப்படி ஒரு புத்தி.

எங்கள் கிளையின் பெரிய வாராக்கடன் ஒரு பூ மண்டிக்காரருடையது. பூ ஏற்றிப் போக வண்டி வாங்கக் கடன் எடுத்தார். மல்லிகை விலை படுத்தது, வண்டியும் படுத்தது, இரண்டு வருடமாக வட்டி வரவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடைத்தெருவில் பார்த்தால் 'தங்கச்சி' என்பார். வங்கிக்குள் நுழைந்தால் 'மேனேஜரம்மா' ஆகிவிடுவேன்.

"ஆவணியில விருந்து வைக்கப் போறேன் மேனேஜரம்மா. அதுவரைக்கும் பொறுங்க" என்றார்.

விருந்து என்றால் எங்கள் பக்கத்தில் மொய் விருந்து. ஆடி, ஆவணியில் திரும்பிய பக்கமெல்லாம் பந்தல்தான். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்கென்றே கறிச்சோறு போடுவார்கள். பல வருடமாக மற்றவர்களுக்குச் செய்த மொய்யெல்லாம் அன்றைக்குத் திரும்பி வரும். அதற்கு மேல் புதிதாகவும் கொஞ்சம் வரும். அந்தப் புதியதைப் பின்னால் அவரவர் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும்.

விருந்து முடிந்த மறுநாள் காலையில் பெரிய பையோடு வந்து நின்றார். எங்கள் கேஷியரின் எண்ணும் மிஷின் சூடாகி இரண்டு முறை நின்றுபோனது. பாக்கி வட்டி முழுவதும், நின்றுபோன தவணை எல்லாம் கட்டினார். செப்டம்பர் கடைசியில் கணக்கு முடித்தபோது கிளை லாபத்தில் இருந்தது. துளி லாபம்தான். எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபரில் ஆடிட்டர் வந்தார். அரையாண்டு முடிவுகளை வெளியிடும் முன் சில கிளைகளை மட்டும் பொறுக்கிப் பார்ப்பார்கள். அந்த முறை எங்களைப் பொறுக்கிவிட்டார்கள். சென்னைக்காரர், சின்ன வயது, ரொம்ப மரியாதை. காபிகூட வேண்டாம் என்றுவிட்டார். மண்டிக்காரர் கணக்கில் வந்து நின்றார்.

"ரெண்டு வருஷமா ஒண்ணுமே கட்டாதவர், ஒரே நாள்ல எல்லாத்தையும் கட்டியிருக்கார். பணம் எங்கேர்ந்து வந்தது மேடம்?"

மொய் விருந்து என்று விளக்கினேன். பாதிதான் புரிந்தது. மண்டிக்காரரையே கூப்பிடச் சொன்னார். அவர் கையெல்லாம் பூவாசத்தோடு வந்து நின்றார்.

"அந்தப் பணம் உங்க வருமானமா சார்?"

மண்டிக்காரருக்குச் சுருக்கென்றது. "வருமானமா? மொய்ப்பணத்தை அப்படிச் சொல்லலாமா? அம்புட்டும் கடன் சார். திருப்பிச் செய்யணும்ல!"

எங்கள் ஊரில் மானமுள்ள எவரும் மொய்யைத் தன் சம்பாத்தியம் என்று சொல்லமாட்டார். ஆடிட்டரிடமா அந்த மானத்தைக் காட்ட வேண்டும்!

ஆடிட்டர் மெதுவாகச் சொன்னார். "புதுக் கடன் வாங்கிப் பழைய வட்டியைக் கட்டினா அதை வசூல்னு எப்படிச் சொல்றது மேடம்? வருமானத்துலேர்ந்து எடுத்துடணும்."

"புதுக் கடன் நாங்க கொடுத்திருந்தாத்தான சார் அந்த விதி? பேங்க் ஒரு ரூபா கொடுக்கலை."

"பேங்க் ஸ்டாஃப் யாராவது கொடுத்தாங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் கேஷியர் முந்திக்கொண்டார். என் பெருமையைச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. "மேடமே மூவாயிரம் செஞ்சாங்க சார்!"

ஆடிட்டரின் பேனா எழுதத் தொடங்கியது. "கிளை மேலாளர் கடன்காரருக்குப் பணம் கொடுத்திருக்கீங்க. அவர் அதை உங்க கிளையிலயே வட்டியா கட்டியிருக்கார்."

அந்த இரண்டு வாக்கியத்தில் நான் திருடியாகிவிட்டேன். கிளை போய்விட்டது என்றே நினைத்தேன். அதற்கப்புறம் அடக்கி வைக்க என்ன இருக்கிறது?

"ஆமா, கொடுத்தேன்! எம் பொண்ணு காதுகுத்துக்கு அவரு ரெண்டாயிரம் செஞ்சாரு. அதைத் திருப்பாம நான் இந்த ஊர்க் கடைத்தெருவுல நடக்க முடியுமா? ரெண்டாயிரம் அவரு காசு. எங்கிட்ட கெடந்துச்சு, விருந்து வச்சு வாங்கிக்கிட்டாரு. மேல வச்சேனே ஆயிரம், அதுதான் சார் அவருக்குக் கடன்."

பேனா நின்றது.

"அப்போ வந்த பணத்துல அவர் முன்னாடியே கொடுத்து வச்சதும் இருக்கு?"

"முக்காவாசி அதுதான்."

"அதை நான் எப்படி எடுத்துக்கறது?"

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கையைக் காட்டினேன். திங்கட்கிழமை, ஹால் நிறையக் கூட்டம். "அந்தா நிக்கிறாங்கல்ல, அவங்களையே கேளுங்க."

கேட்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். மனிதர் எழுந்து போனார்! வரிசையின் முன்னால் நின்று, கூச்சத்தோடு, மண்டிக்காரர் விருந்துக்கு யாரெல்லாம் மொய் செய்தீர்கள் என்று கேட்டார். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள்.

"பழசு அஞ்சாயிரம், புதுசு ரெண்டு. எதுக்குக் கேக்குறீங்க?" என்றார் ஒரு தோப்புக்கார அம்மா.

"எனக்கு அம்புட்டும் பழசுதான். புதுசு வைக்க இப்ப தோது இல்ல" என்றார் டீக்கடைக்காரர்.

"நான் செய்யலை. எங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது" என்றார் ஒருவர், விறைப்பாக. அதையும் ஆடிட்டர் குறித்துக்கொண்டார்.

இங்கிட்டு ஒருவர் தொகையைச் சொல்ல, அங்கிட்டு ஒருவர் திருத்த, ஹாலே கலகலத்துவிட்டது. மண்டிக்காரர் சுவரோரமாக மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார். ஊரே அவர் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது அல்லவா!

ஆடிட்டர் அதோடு விடவில்லை. விருந்தில் கம்ப்யூட்டரில் பதிந்த மொய்க்கணக்கையும் வரவழைத்து, பழையதைத் தனியாகக் கூட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் கட்டின மொத்தத்துக்கும் பழசே போதும் மேடம். அது அவரோட சொந்தப் பணம். வருமானம் நிக்கட்டும்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பேங்க் வேலை கிடைத்த அன்றுகூட அப்படித் துள்ளவில்லை. கேஷியர் கை தட்டினார். எதற்கென்று தெரியாமலே வரிசையும் தட்டியது. ஆடிட்டர் போகும்போது, மேலாளர் இனிமேல் கடன்காரர்களுக்குப் புதிதாக மொய் செய்ய வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதினார். நியாயம்தான், கையெழுத்துப் போட்டேன்.

"பழசு சார்?" என்றேன்.

"பழசைத் திருப்பித்தான மேடம் ஆகணும்" என்று சிரித்தார். அன்றைக்குக் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

பிறகு வங்கியின் அரையாண்டு முடிவுகள் வெளிவந்தன. எல்லாம் கோடிகள், அதில் எங்கள் வட்டி எந்த மூலையில் இருக்கிறதென்று தெரியாது. கொள்கைகள் பக்கத்துக்குப் போய், வாராக்கடன் வட்டி வசூலாகும்போதுதான் வருமானம் என்கிற பொடி எழுத்து வரியைக் கேஷியருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்த வரிக்குள் நாங்கள் இருந்தோம். கிளைச் சேர்ப்பைக் கைவிட்டதாக ஒரு வரி மெயில் வந்தது. வாசலில் பென்ஷன் பெண்கள் வழக்கம்போல, ஃபேன் சுத்தவே மாட்டேங்குது என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பாட்டாகக் கேட்டது.

அடுத்த தவணைக்கு மண்டிக்காரர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். கட்டிவிட்டு என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பேங்க் கடன் ஒழுங்காயிருச்சு. ஒங்க ஆயிரம்தான் உறுத்திக்கிட்டே கெடக்கு. நீங்க எப்ப விருந்து வைக்கிறீங்க தங்கச்சி?"

வங்கிக்குள் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"ஆவணியில வைக்கிறேண்ணே" என்றேன். "இங்கதான இருக்கப் போறோம்."