இருநூற்றைம்பது இலை

என் கல்யாணத்துக்கு இருநூற்றைம்பது பேர் போதும் என்று சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அப்பாவுக்கு அறுநூறு பேரைக் கூப்பிட ஆசை.

"எங்க வேங்கிக்கால் ஆபீஸ்ல டீ குடுக்கறவரு வரைக்கும் கூப்பிடணும்மா. இல்லன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிப்பேன்?"

"ஊருக்கே சோறு போட்டுட்டு அப்புறம் நாம என்னத்தத் திங்கறது?" என்று கத்தினேன். சமையல் பொறுப்பை ஏற்றிருந்த தாய்மாமா என் பக்கம் நின்றார். மாப்பிள்ளை வீட்டுக்கு நூறு, நமக்கு நூற்றைம்பது என்று முடிவானது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முகூர்த்த நாளைக் குறித்தது ஆரணிப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார். பௌர்ணமிக்கு மறுநாள் காலை. எங்கள் மண்டபமோ அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வருஷா வருஷம் கூட்டம் பெருகிக்கொண்டிருந்த சமயம் அது. "நிலா ஏறினப்புறம்தான் கூட்டம் ஜாஸ்தி ஆவும். அதுக்குள்ள மொத நாள் ராத்திரி சாப்பாட்ட முடிச்சுடலாம்" என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினோம்.

மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. வளர்த்தது பெரியம்மா. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க அண்ணி மனசு கோணாம பாத்துக்குங்க. வேற எதுவும் வேணாம்." அன்றைக்கு மாமா ஊரில் இல்லை. பெரியம்மாவை அவர் பார்த்ததே கிடையாது.

பௌர்ணமி சாயங்காலம் மாடி அறையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கீழே பந்திக் கொட்டகையைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. ஒரு முகமும் தெரிந்த முகமாக இல்லை. "மாப்பிள்ளை வீட்டு ஜனமா இருக்கும்டி" என்றாள் அம்மா. வாசலில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்து உட்கார வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸைப் போலீஸ் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கை கழுவி வந்த பெரியவர் ஒருவர் மாமாவிடம் கேட்டார். "சாமி, இந்த அன்னதானம் யாரு போடறது? அவங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. இன்னும் ஒரு பந்திக்குத்தான் சோறு வரும் என்று சமையல்காரர் வேறு சொன்னார். மாமா கொட்டகைக்குள் பாய்ந்தார்.

"எழுந்திருங்க! இது அன்னதானம் இல்ல, கல்யாண வீடு!"

கடைசி வரிசையில் ஒரு தாயும் சின்னப் பெண்குழந்தையும். பக்கத்தில் வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு, துணிப்பையோடு ஒரு அம்மாள். "தம்பி, நான்..." என்று ஆரம்பித்தார். "ஒண்ணும் பேசாதீங்க, கெளம்புங்க" என்றார் மாமா. அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

ஐயோ, பெரியம்மா! கிரிவலம் சுற்ற அவர் மட்டும் பஸ்ஸுக்கு முன்னாலேயே தனியாக வந்திருக்கிறார். பாதிப் பின்னலோடு படியிறங்கி ஓடினேன்.

வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கைகூப்பி நின்றார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த மற்றவர்களும் அப்போதுதான் சேர்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய அப்பா கேட்டார்: "அண்ணி, ஊருக்குக் கெளம்பிடலாமா?"

பெரியம்மா மாமாவிடம் சொன்னார். "எங்கூட ஒரு பொண்ணையும் கொழந்தையையும் எழுப்புனீங்களே, அவங்களக் கூட்டியாங்க. அவங்க உக்காந்தா நானும் உக்காருறேன்."

மாமா பாதைக்கு ஓடினார். அந்தக் கூட்டத்தில் யாரைத் தேடுவது? நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். நாளைக்குக் கல்யாணம் உண்டா இல்லையா என்று தெரியாமல் நின்றேன். என் பிடியிலிருந்த அவர் கையும் அசையவில்லை.

கடைசியில் மாமா மூச்சிரைக்க வந்தார், ஒரு பெண்ணோடும் குழந்தையோடும். "கண்டுபுடிச்சுட்டேங்க!"

பெரியம்மா அந்தக் குழந்தையை வெகுநேரம் பார்த்தார். "வா கண்ணு" என்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலை முன் உட்கார்ந்தார். பின்னாலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோறு தீர்ந்து உப்புமா கிண்டினோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

காலையில் எனக்குப் பூ வைத்துவிட வந்த பெரியம்மா மெதுவாகச் சொன்னார். "ஒங்க மாமாகிட்ட சொல்லிடாத. நேத்து கூட்டியாந்தாரே, அது வேற கொழந்த. எங்கூட உக்காந்திருந்தது பச்சப் பாவாட."

"அப்புறம் ஏன் உக்காந்தீங்க பெரியம்மா?"

"நான் உக்காரலன்னா இப்ப நீ இங்க உக்காந்திருப்பியா?" என்றார். பூவைச் செருகிவிட்டு, "அந்தப் புள்ள கையில எடுத்த சோத்த அப்படியே இலையில போட்டுட்டு எழுந்துச்சுடி" என்றார்.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். வாசல் வழியாகக் கிரிவலம் முடித்துத் திரும்புகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தாலி கழுத்தில் ஏறும்போது நான் அந்தக் கூட்டத்தில் பச்சைப் பாவாடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.