சேலம் சிறையில் ஒரு கர்நாடகத் தண்டனை

ஓசூரில் வேலை செய்கிறவர்களுக்கு அத்திப்பள்ளி கர்நாடகம், வேறு மாநிலம் என்ற நினைப்பே கிடையாது. ஷிப்ட் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்கள். என் அண்ணனும் அப்படித்தான் போனான். கூடப் போனவன் அவனோடு ஒரே லைனில் வேலை பார்த்த சிநேகிதன். கம்பெனியில் தொடங்கிய வாய்ச்சண்டையை அங்கே கொண்டுபோய் முடித்தான் என் அண்ணன், பாவி. கல்லால் அடித்ததும் போதாமல், கீழே விழுந்தவனை மறுபடியும் அடித்திருக்கிறான். அந்த இரண்டாவது அடிதான் வழக்கைக் கொலை வழக்காக்கியது என்றார் எங்கள் வக்கீல். கர்நாடகக் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. பெங்களூர் சிறையில் போட்டார்கள்.

அம்மா பர்கூரில் இருக்கிறாள். முழங்கால் வலியோடு பெங்களூருக்குப் போய்வர அவளால் முடியவில்லை. அண்ணனைச் சேலம் சிறைக்கு மாற்றச் சொல்லி நான் மனு மேல் மனு போட்டேன். இரண்டு மாநிலமும் சம்மதிக்க வேண்டுமாம். நாய் படாத பாடு பட்டுத்தான் அது கிடைத்தது.

"நம்ம ஜெயிலுக்கு வந்துட்டான் பாப்பா. இனிமே நம்ம கவர்மென்ட்டு பாத்துக்கும்" என்றாள் அம்மா. நானும் நம்பினேன். ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம் என்று ஊரே சொல்கிறது. எனக்கு மட்டும் வேறு என்ன தெரியும்?

பதினாலு வருஷமும் முடிந்தது. சேலத்தில் அவனோடு இருந்த சிலரைத் தமிழ்நாடு அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட்டுவிட்டாள். நான் லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போய் வக்கீலைப் பார்த்தேன்.

"ஆயுள்னா ஆயுசு பூராதாம்மா. பதினாலு வருஷம் ஆச்சுன்னா, விடச்சொல்லிக் கேக்கலாம். அவ்ளோதான். அதையும் தண்டனை குடுத்த ஸ்டேட்டுதான் முடிவு பண்ணணும்."

"சார், அவன் இருக்கறது சேலத்துல. சோறு போடறது தமிழ்நாடு."

"எங்க வேணா இருக்கட்டும்மா. நீங்க கர்நாடகாவுக்குத்தான் மனு போடணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரிடம் போய்க் கத்துவது? அவர் சட்டத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார். கர்நாடகாவுக்கு மனு போட்டோம். போலீஸ் செத்தவன் வீட்டில் போய் விசாரித்தது. ஊத்தங்கரையில் இருக்கும் அவன் மனைவி, விடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மனு தள்ளுபடியானது.

அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனே சொல்லட்டும் என்று சேலத்துக்கு அழைத்துப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒன்றையும் மறைக்காமல் அவன் சொன்னான். சுற்றிலும் எல்லாரும் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால் அம்மாவுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

புரிந்ததும் அம்மா வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வந்து அடிச்சிருக்கக் கூடாதா? இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பியே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நின்ற காவலர் கூடத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எந்தப் பக்கமும் அடிச்சிருக்கக் கூடாதும்மா" என்றான்.

"அது எனக்குத் தெரியாதாடா? அந்தப் பையன் நம்ம வீட்டுல சோறு தின்னவன்" என்று அம்மா அழுதாள். "நான் கேக்கறது, நீ எப்ப வருவே?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லும்வரை அம்மா அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.