டேங்கர் போன பக்கம் கலவரமாம்

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். உண்மைதான். ஆனால் அது அத்தனை தூரம் போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவர் கேஸ் டேங்கர் ஓட்டுகிறார். நாமக்கல்லில் கிளம்பி வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். வண்டியின் பெர்மிட், இன்சூரன்ஸ் வேலைகளை நான் பார்ப்பதால் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். எந்த மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, எந்தப் பாலத்தில் போக விடவில்லை என்பதெல்லாம் டிவிக்கு முன்னால் அதில் வந்துவிடும். ஒரு தடவைகூடத் தப்பாக வந்ததில்லை. அதனால் அதில் எது வந்தாலும் நம்புவேன். ரோட்டைப் பற்றிச் சரியாகச் சொல்கிறவர்கள் மற்றதையும் சரியாகத்தானே சொல்வார்கள் என்ற நினைப்பு.

போன வருஷம் ஒரு நாள் காலையில் அந்தக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. சாலையோரத்தில் ஒரு லாரி எரிகிறது. தமிழ்நாட்டு வண்டிகளை மறித்து அடிக்கிறார்கள், இங்கே வடக்கத்திக்காரர்களை அடித்ததற்குப் பழி என்று கீழே எழுதியிருந்தது. ஊர்ப் பெயர் இல்லை. ஆனால் அவர் போயிருந்த மாநிலத்தின் பெயர் இருந்தது. உடனே அவருக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஒரு செய்தித்தாளின் இணையதளத்தில் தேடினேன். அப்படி ஒரு செய்தியே இல்லை. இல்லையென்றால் நடக்கவில்லை என்று நினைத்திருக்கலாம். நானோ, மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து ஒரு யூடியூப் சேனல். அதில் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கத்தினார். எங்கே நடந்தது, யார் பார்த்தது, ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு கோபப்படுகிறாரே, பொய்யாகவா இருக்கும் என்று அவரை நம்பினேன். நல்ல கிறுக்கி நான்.

குழுவிலேயே அழுதுகொண்டு பேசி அனுப்பினேன். "எங்க ஊட்டுக்காரரு அந்தப் பக்கந்தானுங்க போயிருக்காரு. போனே போகலீங்க. அடிச்சுப் போட்டுட்டாங்கன்னு சொல்றாங்க, நெசமான்னு தெரியலீங்க. யாராச்சும் பாத்தீங்களா?"

மதியம் அதே சேனலில் புது வீடியோ. 'டிரைவரின் மனைவி கதறல்' என்று போட்டு, முகம் தெரியாத ஒரு பெண்ணின் படம். அவள் அழுகையைக் கேட்டு, ஐயோ பாவம், இவளுக்குமா என்று நானும் அழுதேன். நடுவில் ஒரு குக்கர் விசில் கேட்டது. என் அடுப்படி விசில். அப்போதுதான் அது என் குரல் என்று புரிந்தது. 'நெசமான்னு தெரியலீங்க' என்பதை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, இத்தன தடவ கூப்புட்டிருக்கற?"

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?"

"எனக்கென்ன. லோடு ஏத்த கேஸ் பிளாண்ட்டுக்குள்ள போனா, தீப்புடிச்சுக்கும்னு கேட்டுலயே போனை வாங்கி வெச்சுக்குவாங்கன்னு உனக்குத் தெரியாதா? இங்க கலவரமெல்லாம் ஒண்ணுமில்ல. இப்பத்தான் ரொட்டி சாப்புட்டேன்."

பதினாறு வருஷமாகத் தெரியும். பயத்தில் அது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. அவரை லைனில் வைத்துக்கொண்டே, அவர் நன்றாக இருக்கிறார் என்று குழுவில் போட்டேன். 'மிரட்டிச் சொல்ல வெச்சிருப்பாங்க' என்று பதில் வந்தது.

அப்போது தெருக்கோடியில் இருக்கும் கோழிப்பண்ணைப் பக்கம் சத்தம் கேட்டது. அங்கே வடக்கிலிருந்து வந்த நாலு குடும்பங்கள் ஷெட்டில் தங்கி வேலை செய்கின்றன. அதில் ஒருத்தி தினமும் எங்கள் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பாள். போனும் கையுமாக ஓடினேன். முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அது நாந்தானுங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலீங்க," என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் என் தோளைத் தொட்டார். "நீ ஊட்டுக்குப் போ சாமி. பயந்துட்டு இப்படிச் சொல்றீன்னு எங்களுக்குத் தெரியாதா?"

போனை ஸ்பீக்கரில் போட்டேன். "நான் நல்லாத்தானுங்க இருக்கறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்பெல்லாம் குரலையே கம்ப்யூட்டர்ல செய்யறாங்க. இதையெல்லாம் நம்பாதீங்கக்கா," என்றார் அந்தப் போன்காரர். எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

முதல் கல் ஷெட்டின் தகரத்தில் விழுந்தது. உள்ளே குழந்தைகள் வீறிட்டன. என் கையிலிருந்த போனில் அவர் பதறிப்போய்க் கேட்டார்.

"ஏம்புள்ள, அங்க என்ன சத்தம்? யாரைப் போட்டு அடிக்கறாங்க?"